குழந்தைக்கு ஊசி, தாய்க்கு நான்கு கேள்வி

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்து வராண்டாவில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பெஞ்சு நிறைந்துவிடும். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர், வயிற்றின் உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டையில் எழுதித் தருவோம். இவற்றோடு, கருவி எதுவும் தேவைப்படாத ஒரு பரிசோதனையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? காய்ச்சல் வந்து வந்து போகிறதா? எடை குறைகிறதா, அல்லது ஏறாமல் நிற்கிறதா? ராத்திரியில் துணி நனையும்படி வியர்க்கிறதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதையும் சேர்த்தால் இரண்டு நிமிட வேலை. காசநோயைக் கண்டுபிடிக்கும் முதல் படி இதுதான்.

கேள்வியைக் கேட்டுவிட்டு 'இல்லை' என்று எழுதிக்கொள்வது யாராலும் முடியும். கர்ப்பிணியின் வாயிலிருந்து உண்மையான பதிலை வாங்குவதுதான் தொழில். கிராம சுகாதார செவிலியராக நான் கற்றுக்கொண்டவற்றில் கடினமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் கர்ப்பிணியின் உடம்பில் காசநோயின் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. மூச்சு வாங்குகிறதா? வயிறு மேலேறினால் வாங்கத்தான் செய்யும். அசதியா? ரத்தம் கம்மி. வியர்க்கிறதா? புழுக்கம். சாப்பிடவில்லை, இளைத்துவிட்டாளா? மசக்கை இன்னும் விடவில்லை. இந்தச் சமாதானங்களைக் குடும்பத்தார் சொல்வார்கள், அக்கம்பக்கத்தார் சொல்வார்கள், அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். பெரும்பாலும் அவை உண்மையாகவும் இருக்கும். நூறு பேர் இருமினால் தொண்ணூறு பேருக்கு மேல் சாதாரணச் சளிதான். மீதிப் பேரில் ஒருத்தியைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால் எல்லோரையும், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எடையை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கர்ப்பிணிக்கு மாதம் சுமார் இரண்டு கிலோ ஏற வேண்டும் என்பது எங்கள் கணக்கு. போன மாதம் 46, இந்த மாதமும் 46 என்று அட்டையில் இருந்தால் 'குறையவில்லையே' என்று சிலர் நிம்மதி அடைவார்கள். உள்ளே குழந்தை வளர்ந்திருக்கிறது, பனிக்குட நீர் கூடியிருக்கிறது, கருப்பை பெரிதாகியிருக்கிறது. அத்தனையும் கூடியும் முள் நகரவில்லை என்றால் தாயின் சதை கரைந்திருக்கிறது என்று பொருள். வயிற்றைப் பார்த்தால் இது தெரியாது. தோள்பட்டையையும் கன்னத்தையும் பார்க்க வேண்டும். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது தென்காசிப் பக்கம். திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்திலிருந்தே அது பீடி சுற்றும் சீமை. திண்ணையிலும் நடுவீட்டிலும் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டும் வேலை பிரசவ வலி வரும் நாள்வரை நடக்கும். புகையிலைத் தூள் காற்றில் எப்போதும் இருக்கும். அங்கே போய் "இருமல் இருக்கா?" என்று கேட்டால், "பீடி சுத்துதவளுக்கு இருமல் இல்லாமலா இருக்கும்?" என்று சிரிப்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். "போன மாசம் ஒரு நாளைக்கு எவ்வளவு சுத்துன? இப்ப எவ்வளவு சுத்துத?" தினம் ஆயிரம் சுற்றியவள் ஐந்நூறில் நின்றால், ஏன் என்று துருவுவேன். தன் உடம்பைப் பற்றிப் பேசத் தயங்குகிற பெண் வேலையைப் பற்றித் தயங்காமல் பேசுவாள்.

காய்ச்சலும் அப்படித்தான். "காய்ச்சல் இருக்கா?" என்றால் இல்லை என்பாள், கொதிக்கிற காய்ச்சலைத்தான் அவள் காய்ச்சல் என்று கணக்கில் வைப்பாள். "சாயங்காலமானா மேலு கதகதன்னு வருதா? விடியக்காலம் ஜாக்கெட்டு நனைஞ்சு மாத்துதியா?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா என்று நேரே கேட்டால் எல்லா வீட்டிலும் 'இல்லை'தான். "வீட்டுல யாராவது ஆறு மாசம் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்றால், "மாமனாருக்கு நெஞ்சுச் சளின்னு குடுத்தாங்க" என்று வரும். மாமியார் பக்கத்தில் நின்றால் அதுவும் வராது. அதனால் இந்தக் கேள்விகளைப் பெஞ்சில் வைத்துக் கேட்க மாட்டேன். எடை பார்க்கிற மூலைக்கு அவளைத் தனியாகக் கூட்டிப்போய், முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்பேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். இரண்டு வருகையிலும் ஒரே எடை. இருமல் பெரிதாக இல்லை. சாயங்காலக் கதகதப்பு உண்டு என்று ஒத்துக்கொண்டாள். சளி கொடுக்கச் சொன்னபோது பயந்தாள். அடிவயிற்றிலிருந்து இருமினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது அவள் பயம். இந்தப் பயம் அவளுக்கு மட்டுமில்லை, அநேகமாக எல்லாக் கர்ப்பிணிக்கும் உண்டு. ஒன்றும் ஆகாது என்று வாயால் சொன்னால் போதாது. பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். காலையில் சாப்பிடும் முன் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விட்டு, பிறகு நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போகும். அவள் மறுநாள் காலை, செய்தித்தாளில் சுற்றிய சளி டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழி. கிருமி நிறைய இருந்தால்தான் கண்ணில் படும். இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் வந்துவிட்டன. ட்ரூநாட் கோவாவைச் சேர்ந்த நம் நாட்டு நிறுவனம் ஒன்றின் கருவி. கிருமியின் மரபணுவைத் தேடுவதால் கொஞ்சம் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கிருமி இருப்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்பதும் தெரிந்தது.

எக்ஸ்ரே என்றால் இன்னொரு பயம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எக்ஸ்ரே எடுக்கவே கூடாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். மருத்துவர் தேவை என்று சொன்னால், வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி நெஞ்சை எடுக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரேயால் கருவைச் சேரும் கதிர்வீச்சு மிக மிகச் சொற்பம். எடுக்காமல் விட்டு நோய் முற்றுவதால் வரும் கேடு அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

மாத்திரை என்றதும் வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். "வயித்துல பிள்ளை இருக்கும்போது இவ்வளவு மாத்திரையா? பிறந்த பிறகு சாப்பிடக் கூடாதா?" இதற்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பதில் சொல்லலாம். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு தவிர்த்த மூன்றும் தருகிறார்கள். கர்ப்பிணிக்கும் இதே மருந்துகள்தான். கூடவே நரம்புகளைக் காக்க பி6 வைட்டமினும் உண்டு. பழைய காலத்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் கர்ப்பிணிக்கு ஆகாது. அது கருவில் இருக்கும் குழந்தையின் காது கேட்கும் திறனைக் கெடுக்கும். குழந்தையைக் குறைமாதத்தில் தள்ளுவதும், எடை குறைவாகப் பிறக்க வைப்பதும், தாயின் உயிரைப் பறிப்பதும் மருந்தில்லாமல் விடப்பட்ட காசநோய்.

மருந்து தொடங்கும் நாளில் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். மற்ற நோயாளிகள் ஒரு நாள் திகைத்துவிட்டுப் பழகிவிடுவார்கள். கர்ப்பிணி அதைப் பார்த்தால் ரத்தப்போக்கு என்று நினைப்பாள், கரு கலைகிறது என்று நினைப்பாள். அன்றோடு மாத்திரையைக் கிணற்றில் போட்டுவிடுவாள். முன்கூட்டியே சொல்லிவிட்டால், நிறத்தைப் பார்த்து, "மருந்து உள்ள போய் வேலை செய்யுதுக்கா" என்று அவளே வந்து சொல்வாள். அந்தப் பெண் அப்படித்தான் சொன்னாள். மருந்தின் நடுவிலேயே பிரசவம் ஆனது. மாதம் நிறைந்து, நல்ல எடையில் பெண் குழந்தை பிறந்தது.

இதுவரை சொன்னது கர்ப்ப காலத்துக் கதை. இங்கே நம் ஏற்பாடுகள் ஓரளவு உறுதியாக இருக்கின்றன. கர்ப்பிணிகளின் காசநோய்க்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021-இல் ஒரு கூட்டுச் செயல்திட்டமே வெளியிட்டது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி எண்ணோடு பதிவாகிறது. நான் சொல்ல வந்தது, பிரசவத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான்.

கருவுற்ற உடம்பு, கருவை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருப்பதற்காகத் தன் எதிர்ப்பு சக்தியில் ஒரு பகுதியை அடக்கி வைத்துக்கொள்கிறது. நம்மில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தி அடங்கியிருக்கும் காலத்தில் அது விழித்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பு எதிர்த்துப் போராடாததால் காய்ச்சலும் இருமலும் பலமாக வெளியே தெரியாது. பிரசவமானதும் எதிர்ப்பு சக்தி திரும்புகிறது, போராட்டம் தொடங்குகிறது, அப்போதுதான் அறிகுறிகள் வெளிப்படுகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் காசநோய் கண்டறியப்படுவது மற்ற காலத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2012-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. உலகெங்கும் 2011-ஆம் ஆண்டில் காசநோயோடு இருந்த கர்ப்பிணிகள் சுமார் 2,16,500 பேர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு, கையில் குழந்தை வந்த பிறகுதான் நோய் வெளியே தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த ஆறு மாதத்தில் நம் ஊரில் என்ன நடக்கிறது? தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கர்ப்பம் முழுக்க அவளைப் பார்த்த செவிலியர் ஒரு ஊரில், பிரசவம் பார்த்தவர் இன்னொரு ஊரில், பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பவர் மூன்றாவது ஆள். வந்து பார்ப்பவர் குழந்தையின் எடை, தொப்புள், பால் குடிக்கும் விதம், தாயின் தையல், ரத்தப்போக்கு எல்லாம் பார்ப்பார். நாற்பத்திரண்டு நாளோடு தாயின் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு அவள் குழந்தையைத் தூக்கிவருகிறவள் மட்டும்தான். நோய் வெளிப்படக்கூடிய காலத்தில் அவளை யாரும் கேட்பதில்லை. சமாதானங்களும் புதிதாக வந்துவிடும். இளைத்தால் பால் கொடுக்கிறாள். காய்ச்சல் என்றால் பால் கட்டியிருக்கிறது. அசதி என்றால் ராத்திரி பிள்ளை தூங்கவிடவில்லை.

புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். இரண்டரை மாத ஊசிக்கு ஒரு குழந்தை வந்தது. கொழுகொழுவென்று இருந்தான். ஆச்சி மடியில் வைத்திருந்தாள். தாய் தூணில் சாய்ந்து நின்றாள். குழந்தையின் எடையை எழுதியதும் தாயையும் தராசில் ஏறச் சொன்னேன். பிரசவத்துக்கு முந்தைய எடை அட்டையில் இருந்தது. குழந்தையும் நீரும் கழிந்த கணக்குக்கு மேலேயே நிறையக் குறைந்திருந்தாள். "பிள்ள உறிஞ்சி எடுக்கான் நர்சம்மா, அவ எங்க தேற?" என்றாள் ஆச்சி. தாயிடம் நான்கு கேள்வியையும் கேட்டேன். இருமல் பிரசவம் ஆன மாதத்திலிருந்தே இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய டானிக் தீர்ந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் இரண்டு முறை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் நிற்கவில்லை. சளி கொடுக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. பரிசோதித்தபோது கிருமி இருந்தது.

செய்தி தெரிந்த அன்றைக்கே அவள் அம்மா வீட்டில் குழந்தையைப் பிரித்துவிட்டார்கள். பால்பவுடர் டின் வந்துவிட்டது. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், ஓட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பாய். அவள் அழுததெல்லாம் பால் கட்டி நெஞ்சு வலித்தபோது பிள்ளையின் குரல் உள்ளே கேட்டதற்காகத்தான். அந்த வீட்டில் உட்கார்ந்து நான் பேசியதற்குத் துணை நின்றது இந்த மண்ணில் பிறந்த ஒரு அறிவு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும் மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று உலகமே மாறியது அந்த ஆய்வுக்குப் பிறகுதான். சேத்துப்பட்டில் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது நடக்கிறது.

தாய்ப்பாலில் கிருமி வராது, இருமும்போது காற்றில்தான் வரும் என்று எடுத்துச் சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம். பாலில் சேரும் மருந்தின் அளவு சொற்பம், அது குழந்தைக்குக் கெடுதி செய்யாது. மருந்துக்குக் கட்டுப்படும் நோய் என்றால், ஒழுங்காகச் சாப்பிட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். தட்டும் டம்ளரும் நோயைப் பரப்பாது. மாற்றவேண்டியது ஜன்னலைத்தான். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையை இறுக மூடி வைப்பது நம் வழக்கம். "பச்ச ஒடம்புக்காரிக்குக் காத்து ஆவுமா?" என்று ஆச்சி மல்லுக்கு நின்றாள். கிருமி தங்குவதே அந்த மூடிய அறையில்தான். ஆச்சியின் கவலையையும் ஒதுக்க முடியாது. கடைசியில் இப்படி முடிவானது: தாய் காதைத் துணியால் கட்டிக்கொள்வாள், குழந்தைக்குக் குல்லா போடுவார்கள், எதிரெதிர் ஜன்னல் இரண்டும் பகல் முழுக்கத் திறந்திருக்கும். அன்று சாயங்காலம் பிள்ளை அம்மா மடிக்குத் திரும்பினான்.

குழந்தைக்கு வேறு வேலை பாக்கி இருந்தது. ஒரு வயதுக்குள் தொற்றிய கிருமி, தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் இரண்டு குழந்தைகளில் ஒன்றை நோயில் தள்ளக்கூடியது. அது மூளைக் காய்ச்சலாகவும் வரும். பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி அப்படிப்பட்ட கொடிய வகைகளிலிருந்து பெருமளவு காக்கும். ஆனால் இருமுகிற தாயின் மடியில் கிடக்கும் குழந்தைக்கு அது மட்டும் போதாது. குழந்தைகள் மருத்துவர் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்தபிறகு, ஐசோனியசிட் தடுப்பு மருந்து ஆறு மாதத்துக்குத் தொடங்கப்பட்டது. தாயிடம் இன்னொன்றையும் சொன்னேன். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரையின் பலம் குறைந்துவிடும். இடைவெளி வேண்டுமென்றால் காப்பர்-டி போன்ற வேறு வழி வேண்டும். நோயை மட்டும் பார்க்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவள் கைகூப்பினாள். அவள் ரகசியத்தை உடைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதித்தாக வேண்டும். கணவனிடம் மட்டும் நீயே சொல் என்று பல நாள் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். அவன் கோபப்படவில்லை. தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்கு வந்தான். பீடி குடிக்கிறவருக்கு உள்ள இருமல்தானே என்று வருஷக்கணக்கில் யாரும் பொருட்படுத்தாத இருமல் அது. அவருக்கும் நோய் இருந்தது. மருமகள், பேரன் என்று அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்த சங்கிலி அங்கே அறுந்தது. ஒரு தாயைக் கேட்டதால் இரண்டு வீடு பிழைத்தது.

இன்று உதவிகளும் கூடியிருக்கின்றன. சத்துணவுக்கென்று காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' யாருக்கு உடனே மருத்துவமனைப் படுக்கை தேவை என்பதை முதல் நாளே இனம் காண்கிறது. மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. அந்தத் தாய்க்கு நோய் இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் இவை எதுவும் அவளுக்குப் பயன்படும்.

அதனால் எனக்குப் பின் வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் ஊசி, இரண்டரையில் ஊசி, மூன்றரையில் ஊசி, ஒன்பதில் ஊசி. அம்மா வீட்டில் இருந்தாலும் புகுந்த வீட்டில் இருந்தாலும் நம் பெண்கள் தடுப்பூசியைத் தவறவிடுவதில்லை. தாய்க்கென்று தனியாக ஒரு நாளும், தனியாக ஒரு திட்டமும் தேடவேண்டாம். குழந்தை தராசிலிருந்து இறங்கியதும் தாயை ஏற்றுங்கள். நான்கு கேள்வியையும் கேளுங்கள். பதிலைக் குழந்தையின் அட்டையிலேயே ஓரமாக எழுதுங்கள்; அடுத்த ஊரில் பார்க்கப்போகிற செவிலியருக்கு அது தெரியட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை பார்க்கப் போகும்போது பழம் வாங்கிப் போகிறீர்கள், குழந்தை யார் ஜாடை என்று பேசுகிறீர்கள். அதோடு தாயிடமும் திரும்பி, "இருமல் எத்தனை நாளா இருக்கு? சாயங்காலம் மேலு சுடுதா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது என்று அவள் சொன்னால், சமாதானம் சொல்லாமல் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.